கட்டுரைக்கு ஒரு துணிபு

கல்லூரி மாணவர்களின் கட்டுரைகளைப் படிப்பதும் திருத்துவதுமே ஜீவனோபாயமாக வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த ஒருவனுக்கு, ஒரு கட்டுரையின் முதற்பக்கத்தைப் பார்த்த அளவிலேயே அது எவ்வளவு தூரம் செல்லும் என்பது ஏறக்குறைய விளங்கிவிடுகிறது. கையெழுத்தின் அழகோ, மேற்கோள்களின் பெருக்கமோ, நடையின் மிடுக்கோ அதற்கு அடையாளமாவதில்லை. எழுதுகிறவர் தாம் எடுத்துக்கொண்ட விஷயத்தில் தாம் கண்ட முடிவு இன்னதென்று ஒரு வாக்கியத்தில் துணிந்து சொல்லியிருக்கிறாரா, அல்லது அந்த விஷயத்தை வலம் வந்துகொண்டே இருக்கிறாரா என்பதுதான் அடையாளம். அந்த வாக்கியத்தை ஆங்கிலத் துறையைச் சார்ந்த என் நண்பர்கள் தீசிஸ் ஸ்டேட்மெண்ட் என்பார்கள். எங்கள் தமிழ்த்துறையில் துணிபு என்று வழங்கிவந்தோம். முதுகலை வகுப்பில் இலக்கணமும் காப்பியமும் உரைநூல்களும் கற்பித்தேன்; ஆயினும் எல்லாவற்றையும்விட மிகுந்த சிரத்தையோடு நான் கற்பித்தது இந்த ஒரு வாக்கியத்தை எழுதும் வித்தையைத்தான்.

எங்களிடம் வந்து சேரும் மாணவர்கள் கட்டுரை எழுதிப் பழகாதவர்கள் அல்லர். முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்ற குறிப்புச் சட்டகம் பள்ளிக்கூடத்திலேயே அவர்கள் கையில் ஊறியிருக்கும். வினாத்தாளில் கண்ட குறிப்புகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி எழுதி, இடையிடையே ஒரு குறளையும் பாரதியின் ஓரடியையும் பெய்து, எதையும் விட்டுவிடாமல் நிரப்பிக் கொடுத்தால் மதிப்பெண் வந்துவிடும். ஒரு பொருளைப் பகுத்துக்கொண்டு எழுத வேண்டும் என்ற ஒழுங்கு அந்தப் பயிற்சியால் உண்டாகிறது என்பதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதே கட்டுரையின் இலக்ஷணம் என்ற எண்ணமும் அதனோடு சேர்ந்தே வேரூன்றிவிடுகிறது. நூலுக்குரிய பத்துக் குற்றங்களைத் தொகுத்த நன்னூலார், எடுத்த பொருளை விட்டு மற்றொன்று விரித்தலையும், தொடங்கிய வேகம் போகப்போகத் தேய்ந்து ஒழிதலையும் அவற்றுள் வைத்தார். துணிபு இல்லாத கட்டுரை இவ்விரண்டு குற்றத்திலிருந்தும் தப்பவே முடியாது. ஏனெனில் எது மற்றொன்று என்று அறுதியிட்டுச் சொல்வதற்கு, எடுத்துக்கொண்டது எது என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

ஒரு மாணவியின் கட்டுரை எனக்கு இன்றும் நன்றாக நினைவிருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் பாத்திரத்தைப் பற்றி எழுத அவள் விரும்பினாள். காப்பியத்தை ஈடுபட்டுப் படித்தவள். பல பகுதிகள் அவளுக்கு மனப்பாடம். அவள் கொண்டுவந்த முதல் வரைவில், கண்ணகியின் பாத்திரப் படைப்பு தமிழ் இலக்கியத்திலேயே தலைசிறந்ததாகும் என்ற வாக்கியம் முகப்பில் நின்றது. “இதை மறுக்கிறவர் யாரம்மா?” என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, “யாரும் மறுக்கமாட்டார்கள் ஐயா” என்றாள். யாரும் மறுக்காத ஒன்றை நிலைநாட்ட இருபது பக்கம் எதற்கு என்பது அவளுக்கே புலப்பட்டது. அடுத்த வாரம் வந்த வரைவில், இக்கட்டுரை கண்ணகியின் பாத்திரத்தை விரிவாக ஆராய்கிறது என்று எழுதியிருந்தாள். அது செய்யப்போகும் காரியத்தின் அறிவிப்பே தவிர, செய்து கண்ட முடிவு ஆகாது. அதையும் விலக்கிய பிறகு, பொறுமையாக இருந்த கண்ணகி மதுரையில் எரிமலையாக மாறியது எவ்வாறு என்ற வினாவை எழுதிக்கொண்டு வந்தாள். இது முன்னிரண்டையும்விட எவ்வளவோ மேலானது. வினா பிறந்துவிட்டால் விடை தூரத்தில் இல்லை. ஆயினும் வினாவை நிறுத்திவிட்டு விடையைப் படிப்பவர் தலையில் சுமத்துவது எழுதுகிறவருக்கு நியாயமன்று என்று சொன்னேன்.

அதன் பின்னர் நாங்கள் இருவரும் மூலத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மனையறம்படுத்த காதையில் கோவலன் அவளை நெடுக வருணித்துப் புகழ்கிறான். அவளோ வாய் திறப்பதில்லை. அந்திமாலைச் சிறப்புச்செய் காதையில் அவளுடைய பிரிவுத் துயரத்தைக் கவிஞர் சொல்கிறார், அவள் சொல்வதில்லை. அவளுடைய குரலை நாம் முதலில் கேட்பது ஒன்பதாவதாகிய கனாத்திறம் உரைத்த காதையில்தான். அங்கே தேவந்தி என்னும் பார்ப்பனத் தோழியிடம் தான் கண்ட கனவைச் சொல்கிறாள்: கணவனோடு ஒரு பெருநகரம் புகுந்ததையும், அடாத பழியொன்று தம்மேல் வந்ததையும், கோவலனுக்குத் தீங்கு நேர்ந்தது கேட்டுத் தான் அரசன் முன் சென்று வழக்குரைத்ததையும், அந்த அரசனுக்கும் ஊருக்கும் கேடு விளைந்ததையும் சொல்கிறாள். கேட்ட தேவந்தி, சோமகுண்டம் சூரியகுண்டம் என்னும் துறைகளில் நீராடிக் காமவேள் கோட்டத்தில் தொழுத மகளிர் கணவரோடு கூடி இன்புறுவர், நாமும் ஒருநாள் சென்று ஆடுவோம் என்று அழைக்கிறாள். கண்ணகி மிகச் சுருக்கமான ஒரு விடையால் அதை மறுத்துவிடுகிறாள். அவ்வாறு செய்வது தனக்குப் பெருமையாகாது என்பது அதன் கருத்து.

இந்த இடத்தில் அந்தப் பெண் புத்தகத்தை விட்டு நிமிர்ந்து, “ஐயா, மதுரையில் பேசினவள் இவள்தானே?” என்றாள். அதுதான் துணிபு. அவள் கடைசியாக எழுதிய வாக்கியம் இது: பாண்டியன் அவையில் கண்ணகி காட்டிய துணிவு கணவனை இழந்த துயரத்தால் திடீரெனப் பிறந்ததன்று, புகாரில் தேவந்திக்கு அவள் சொன்ன மறுப்பிலேயே அது முழுமையாக இருந்தது.

இந்த வாக்கியம் கிடைத்தவுடன் கட்டுரையின் மற்றப் பகுதிகள் தாமே வந்து அமைந்த விதத்தை நான் ஆச்சரியத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். புகாரிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில் ஓரிடமாவது அவளுக்குச் சான்றாக வேண்டும். கொலைக்களக் காதையில் அது கிடைத்தது. அங்கே கோவலன் தன் தவற்றை நினைந்து வருந்திப் பேச, கண்ணகி அவனுக்கு ஆறுதல் மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. அறவோரையும் துறவோரையும் விருந்தினரையும் பேணும் கடமையைத் தான் இழந்ததைச் சொல்லி, அவன் மேற்கொண்டது போற்றத்தகாத ஒழுக்கம் என்பதையும் முகத்துக்கு நேரே சொல்கிறாள். மாதவியின் ஆடல், கானல்வரிப் பாட்டு, இந்திர விழாவின் வருணனை முதலியவற்றுக்கு முதல் வரைவில் ஒதுக்கியிருந்த பக்கங்கள் தேவையற்றுப் போயின. அவற்றை நீக்கச் சொல்லி நான் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. கொத்தனார் சுவரின் மேல் தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு பத்தியையும் அந்த வாக்கியத்தோடு வைத்துப் பார்த்து அவளே நீக்கினாள்.

அதைவிட முக்கியமான வேறொன்றும் நிகழ்ந்தது. கண்ணகி கனவில் அரசன் முன் நின்றது அவளுடைய இயல்பைக் காட்டுகிறதா, அல்லது வரப்போகும் ஊழைக் காட்டுகிறதா என்று ஒருவர் தடை எழுப்பக்கூடும். ஊழ்வினை உருத்துவந்து தன் பயனை ஊட்டும் என்பதைக் காப்பியத்தின் மூன்று உண்மைகளுள் ஒன்றாகப் பதிகமே கூறுவதால் அந்தத் தடை அற்பமானதன்று. நல்ல துணிபு தன்னுடைய எதிரியைத் தானே அழைத்து வருகிறது. அவள் அந்த எதிரிக்கு நான்கு பக்கம் ஒதுக்கினாள். கனவை ஊழின் பக்கத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, தேவந்திக்குச் சொன்ன மறுப்பை மட்டும் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கனவு தானாக வந்தது, மறுப்போ அவள் தேர்ந்து சொன்னது என்று வாதித்தாள். அந்த நான்கு பக்கங்கள்தாம் கட்டுரையின் உயிர்நிலை என்பது என் அபிப்பிராயம்.

எதிரி இல்லாமல் துணிபு இல்லை என்பது நம்முடைய சாஸ்திரகாரர்களுக்குப் புதிய செய்தியன்று. பூர்வபக்ஷத்தை அதற்குரிய முழு பலத்தோடும் நிறுத்திய பிறகே சித்தாந்தம் சொல்வது அவர்கள் மரபு. அருணந்தி சிவாசாரியார் தமது சிவஞான சித்தியாரில் பிறர் மதங்களை எடுத்து மறுக்கும் பரபக்கத்தை முன்வைத்து, தம்முடைய கொள்கையைக் கூறும் சுபக்கத்தைப் பின்வைத்தார். அவருக்கு ஆசிரியராகிய மெய்கண்டாரின் சிவஞான போதத்திலோ, பன்னிரண்டு சூத்திரங்களில் ஒவ்வொன்றும் இன்னதை நாட்டுகிறது என்று மேற்கோளும், அதற்குக் காரணமாகிய ஏதுவும், அதை விளக்கும் உதாரண வெண்பாவும் வரிசையாக வருகின்றன. இந்த அமைப்பைக் கரும்பலகையில் எழுதிக் காட்டி, உங்கள் கட்டுரையில் மேற்கோள் எங்கே, ஏது எங்கே என்று கேட்டால், மாணவர்கள் பெரும்பாலும் உதாரணங்களை மட்டுமே காட்டுவார்கள். பாடல்களை அடுக்கிவிட்டால் முடிவு தானே விளங்கிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. எது எதற்கு உதாரணம் என்பதை எழுதுகிறவர் சொன்னாலொழிய எந்தப் பாடலும் தானாக எதையும் நிரூபிப்பதில்லை.

பட்டிமன்றத்தில் பேசிப் பழகிய மாணவர்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர்கள் கட்சி கட்டத் தெரிந்தவர்கள். எதிர்க்கட்சி என்ன சொல்லும் என்பதை ஊகிக்கவும் வல்லவர்கள். ஆகையால் துணிபு எழுதுவது அவர்களுக்கு எளிதென்று தோன்றும். ஆனால் மேடையில் எந்த அணி கொடுக்கப்பட்டாலும் அந்த அணிக்குப் பேசுவதே திறமையாதலால், இரண்டு பக்கமும் சமபலம் உடையவை, வாக்கு வன்மையால் எதையும் வெல்லலாம் என்ற மனோபாவம் அவர்களிடம் படிந்துவிடுகிறது. கட்டுரையில் நமக்கு அணியை யாரும் ஒதுக்கித் தருவதில்லை. மூலத்தைப் பலமுறை படித்து, அது நம்மைத் தள்ளிக்கொண்டு போன பக்கத்தில்தான் நாம் நிற்க முடியும். பிரசங்கத்தில் கைதட்டல் வாங்கிய ஒரு வாதம் தாளில் எழுதியவுடன் வெளிறிப்போவதை அவர்கள் கண்டு கலங்குவதுண்டு. அவர்களுக்கு நான் சொல்லிவந்த யோசனை, முதலில் மறுதரப்புக்கு ஒரு முழுக் கட்டுரை எழுதிப் பாருங்கள் என்பதுதான். அதை எழுதும்போது கை தயங்கினால், தங்கள் தரப்பு உண்மையானது. தயங்காவிட்டால் இன்னும் முடிவு ஏற்படவில்லை என்று பொருள்.

துணிபு கெட்டுப்போவதற்கு மற்றொரு காரணம் அதன் பரப்பு. சங்க காலத்தில் பெண்டிர் உரிமையோடு வாழ்ந்தனர் என்று தொடங்கும் கட்டுரைகள் ஆண்டுதோறும் என் மேஜைக்கு வந்தன. ஔவையார் முதலிய புலமைப் பெண்டிரைக் காட்டி அதை நிலைநாட்டுவார்கள். அதே புறநானூற்றில் கைம்மை நோன்பின் கடுமையைச் சொல்லும் பாடல்கள் இருப்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை. பட்டால் கட்டுரையே நின்றுவிடும். ஒரு மாணவரை நான் 246ஆம் பாட்டோடு மட்டும் ஒரு மாதம் இருக்கச் சொன்னேன். பூதப்பாண்டியன் இறந்தபோது அவன் தேவி பெருங்கோப்பெண்டு தீப்புகத் துணிந்து, தன்னைத் தடுக்கும் சான்றோரை நோக்கிப் பாடிய பாட்டு அது. நெய்யில்லாத கைம்பெண் உணவையும், பாயின்றிப் பருக்கைக் கற்களின் மேல் கிடக்கும் படுக்கையையும் எடுத்துச் சொல்லி, அவ்வாறு வாழும் பெண்டிருள் தான் ஒருத்தி அல்லள் என்கிறாள். மாதக் கடைசியில் அந்த மாணவர் கொண்டுவந்த துணிபு இது: இப்பாடல் தீப்பாய்தலைப் புகழ்வதாக எல்லோரும் எடுத்துக்காட்டினாலும், இதன் உண்மையான பொருள் கைம்மை வாழ்க்கையின்மேல் ஓர் அரசி சாட்டும் குற்றம். சங்க காலம் முழுவதையும் அளக்கப் புறப்பட்டவர் ஒரே பாட்டுக்குள் இறங்கியதால்தான் ஒரு முடிவைத் தைரியமாகச் சொல்ல முடிந்தது. அந்த முடிவை நான் முழுமையாக ஏற்றுக்கொண்டேன் என்று சொல்லமாட்டேன்; ஆனால் அதை எதிர்க்க வேண்டுமானால் நானும் அந்தப் பாட்டின் ஒவ்வோர் அடியையும் மறுபடி படித்தாக வேண்டியிருந்தது.

பெரிய துணிபுகளே கூடாதோ என்று மாணவர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு நான் எல்லீஸின் உதாரணத்தைக் காட்டுவது வழக்கம். சென்னையில் கலெக்டராக இருந்தவரும், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியை நிறுவியவருமான பிரான்சிஸ் வைட் எல்லீஸ், 1816இல் வெளிவந்த காம்ப்பெலின் தெலுங்கு இலக்கணத்துக்கு ஒரு முன்குறிப்பு எழுதினார். தெலுங்கு வடமொழியிலிருந்து பிறந்தது என்பது அக்காலத்துப் புலமை மிக்க ஆங்கிலேயர் பலர் கொண்டிருந்த எண்ணம். எல்லீஸ் அதை நேரே மறுத்து, தமிழும் தெலுங்கும் கன்னடமும் வடமொழியிலிருந்து தோன்றாத தனிக் குடும்பத்தைச் சார்ந்தவை, வடமொழிச் சொற்கள் அவற்றில் பின்னர் வந்து கலந்தவை என்று நாட்டினார். தெற்கே வழங்கும் மொழிகளின் வரலாற்றையே திருப்பிவைத்த கொள்கை இது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் வருவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னே சொல்லப்பட்டது. ஆயினும் அவருடைய வாக்கியம் எவ்வளவு நிதானமானது என்பதைக் கவனிக்க வேண்டும். வடமொழிக்கும் இம்மொழிகளுக்கும் சம்பந்தமே இல்லை என்று அவர் சொல்லவில்லை. சம்பந்தம் சொற்கலப்பு, பிறப்பு உறவு ஆகாது என்றார். அந்த ஒரு வரையறையால் எதிர்க்கட்சியாரின் கையில் இருந்த வடசொற் பட்டியல் முழுவதும் அவருக்கு விரோதமாகாமல் போயிற்று. பிறகு அவர் சான்று காட்டிய முறையும் அந்த வாக்கியத்திலிருந்தே பிறந்தது: முதலில் வேர்ச்சொற்களை மொழிக்கு மொழி நிரல்படுத்தி ஒப்பிட்டார், அடுத்துச் சொற்களை எடுத்துக்கொண்டார், அதன்பின் வாக்கியம் அமையும் மரபைப் பார்த்தார். பிறப்புறவு இல்லை என்று சொன்னவர் அந்த மூன்று இடங்களிலும் அதைக் காட்டக் கடமைப்பட்டவர் என்பதை உணர்ந்தே செய்தார். பரப்பால் பெரியதாக இருந்தும், ஒவ்வொரு சொல்லும் தாங்கும் பாரம் அளந்து வைக்கப்பட்டதனால் அந்தத் துணிபு நிலைத்தது.

எந்த மாதிரியான துணிபுகள் சாத்தியம் என்று தெரியாமல் மருள்கிறவர்களுக்கு, நன்னூல் பொதுப்பாயிரத்தில் கண்ட எழுவகை மதங்களை ஒரு பயிற்சியாகக் கொடுத்துவந்தேன். முன்னோர் கருத்துக்கு உடன்படுதல், அதை மறுத்தல், முதலில் உடன்பட்டுப் பின்னர்க் களைதல், தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்துதல், இருவர் மாறுபட்டவிடத்தில் ஒருவர் பக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டுதல், எவரோடும் சேராமல் தன் மதம் கொள்ளுதல் என்பன அவை. ஒரே விஷயத்தில் ஏழு வாக்கியம் எழுதிவரச் சொல்வேன். ஏழில் ஐந்து பொய்யாக இருக்கும். எழுதும்போதே அவர்களுக்கு அது தெரியும். மிஞ்சும் இரண்டில் ஒன்றைப் பற்றிக்கொண்டு அவர்கள் மறுபடி நூலகத்துக்குப் போவார்கள். உடன்படுதலையும் நன்னூலாசிரியராகிய பவணந்தியார் ஒரு மதமாகக் கணக்கிட்டிருப்பது எனக்கு மிகவும் உவப்பானது. மறுத்தால்தான் ஆராய்ச்சி என்று இளைஞர்கள் நினைத்துவிடக் கூடாது. பிறர் சொன்ன முடிவையே அவர் காட்டாத ஒரு காரணத்தால் நிலைநாட்டினால் அதுவும் புதிய துணிபுதான்.

இந்த வாக்கியம் எழுதத் தொடங்கும்போதே கிடைத்துவிடும் என்று எதிர்பார்ப்பது வீண். மாணவர்களின் முதல் வரைவை நான் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பேன். எழுதி எழுதிச் சோர்ந்து, முடிவுரை என்று தலைப்பிட்டு, இதுகாறும் கூறியவற்றால் என்று தொடங்குகிற பத்தியில்தான் பெரும்பாலும் முதல்முறையாக ஓர் உண்மையான கருத்து தலைகாட்டும். அதைக் கோடிட்டுக் கொடுத்து, இதை முதற்பக்கத்தில் வைத்து மறுபடி எழுதிவாருங்கள் என்று அனுப்புவேன். உழைப்பெல்லாம் வீணாயிற்றே என்று சிலர் முகம் வாடும். இரண்டாம் வரைவை முடித்த பிறகு எவரும் அவ்வாறு சொல்லக் கேட்டதில்லை.

வாக்கியத்தின் இறுதிச் சொல்லையும் கவனிக்க வேண்டும். எனலாம், என்று கூறினால் மிகையாகாது, எனக் கருதப்படுகிறது என்றெல்லாம் முடிப்பது நம் ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பணிவு போலத் தோன்றினாலும், பொறுப்பை ஏற்றுக்கொள்ளாமல் விலகி நிற்கும் உபாயம் அது. யார் கருதுகிறார்? எழுதுகிறவர்தாமே? ஆகையால் இவற்றை அடித்துவிட்டு வாக்கியத்தை நேர் வினைமுற்றில் முடிக்கச் சொல்வேன். உண்மையாகவே ஐயத்துக்கு இடமிருந்தால், அந்த ஐயம் எங்கே இருக்கிறது என்பதைத் துணிபுக்குள்ளேயே வைத்துச் சொல்லிவிடலாம்.

சிலப்பதிகாரத்தின் காலத்தைப் பற்றி எழுதிய ஒரு மாணவர் இதை மிக அழகாகச் செய்தார். இலங்கை வேந்தன் கயவாகு, செங்குட்டுவன் எடுத்த பத்தினி விழாவில் இருந்தான் என்று வரந்தரு காதை கூறுவதைக் கொண்டு, மகாவம்சம் சொல்லும் கஜபாகுவோடு அவனை ஒன்றாக்கிச் செங்குட்டுவனை இரண்டாம் நூற்றாண்டில் வைத்தவர்கள் உண்டு. வஞ்சிக் காண்டமும் பதிகமும் பிற்காலத்தவை என்று ஐயுற்றவர்களும் உண்டு. அந்த மாணவர், வரந்தரு காதை நூலின் மூலப்பகுதியே என்று கொண்டால் மட்டும் கயவாகுச் செய்தி காலத்தைத் துணியப் பயன்படும், அவ்வாறு கொள்ளாவிடில் நூலின் அகச்சான்றுகளை மட்டுமே நம்பியாக வேண்டும் என்று எழுதி, கட்டுரையை அதற்கேற்ப இரண்டாகப் பகுத்திருந்தார். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் கட்டுரையைப் புரட்டிக்கொண்டே, “அந்தக் காதை பிற்சேர்க்கை என்று நாளைக்கே ஒருவர் நிரூபித்துவிட்டால் உம்முடைய கட்டுரை என்ன ஆகும்?” என்று கேட்டார். மாணவர் சிறிதும் பதறாமல், “முதற்பகுதி விழுந்துவிடும் ஐயா, இரண்டாம் பகுதி நிற்கும்” என்று சொல்லி, எந்தப் பக்கம் வரையில் விழும் என்பதையும் எடுத்துக் காட்டினார். பேராசிரியர் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, அடுத்த பக்கத்திலிருந்து தம்முடைய வினாக்களைத் தொடங்கினார்.